மிகுபுனைவுக் கதைக்குப் பெயரும் சொல்லும் உருவாக்குவது எப்படி?

தமிழில் மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி, எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கதையில் தடுக்கி விழுவதில்லை. பெயரில்தான் விழுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கானவை. அவர்களுக்குப் பெயர் என்பது முதல் பக்கத்தில் எப்படியோ, கடைசிப் பக்கத்திலும் அப்படியே. நமக்கு அப்படி இல்லை. தமிழில் பெயர் ஐ ஏற்கும், கு ஏற்கும், விளியில் நீளும், பின்னால் வரும் வினைமுற்றின் வாலையும் தீர்மானிக்கும். தனியாகப் பார்த்தால் கம்பீரமாக இருக்கும் பெயர் வாக்கியத்துக்குள் போனதும் கோமாளியாகிவிடும். ஒரு நாவல் முழுக்க இதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன். முதல் கதை எழுதுகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. நான்கு தாள்களைத் தயார் செய்யுங்கள்

கூகுள் ஷீட்ஸ் போதும், காசு செலவில்லை. ஒரே கோப்பில் நான்கு தாள்.

முதலாவது ஒலித்தாள்: கதையில் வரும் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் எந்தெந்த ஒலிகள் உண்டு, எவை கிடையாது என்ற குறிப்பு. இரண்டாவது பெயர்ப் பதிவேடு. மூன்றாவது நீங்கள் உருவாக்கும் சொற்களின் பட்டியல். நான்காவது மரியாதைத்தாள்: யார் யாரை நீ என்பார், யார் யாரைத் தாங்கள் என்பார், யார் யாருக்கு என்ன முறை.

பெயர்ப் பதிவேட்டில் வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. என் பதிவேட்டில் ஒரு வரிசை இப்படி இருக்கும்: மாறோடன் / மாறோடனை / மாறோடனுக்கு / மாறோடா / அவன், முடிசூடிய பிறகு அவர் / மலைநாடு / முதலில் வருவது 2ஆம் அத்தியாயம். கடைசியில் உச்சரிப்புக்கு ஒரு கட்டம். ஒலிப்புத்தகம் வரும்போது வாசிக்கிறவர் முதலில் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான்.

2. ஒலியைப் பங்கு பிரியுங்கள்

நல்ல செய்தி என்னவென்றால், பாதி வேலையைத் தொல்காப்பியம் செய்து வைத்திருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. க், ச், ட், த், ப், ற் ஆகியவை இறுதியில் வருவதில்லை. இலக்கணம் படிக்காதவர் காதுக்கும் இது தெரியும். மாறோடன், செருவிளை என்றால் நம்மூர். லவாக், டெரிட் என்றால் வெளியூர். ஆக, கதையின் மையத்தில் இருக்கும் மக்களுக்கு விதிக்குள் நிற்கும் பெயர்களும், கடல் தாண்டி வருகிறவர்களுக்கு விதியை மீறும் பெயர்களும் கொடுத்தால், யார் எந்தப் பக்கம் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இதிலேயே இன்னொரு லாபமும் உண்டு. ராமனை இராமன் என்றும் லங்கையை இலங்கை என்றும் ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. உங்கள் மலைநாட்டார் லவாக் நகரத்தை இலவாக்கு என்றே சொல்லட்டும். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வந்துவிட்டது. பேசுகிறவன் எந்த ஊர்க்காரன் என்பதும் வந்துவிட்டது.

இங்கே பொறி ஒன்று இருக்கிறது. நம் எழுத்தில் க ஒன்றுதான், ப ஒன்றுதான். பாரோவன் என்று எழுதினால் ஒருவர் பாரதி போலப் படிப்பார், இன்னொருவர் பாம்பு போலப் படிப்பார். உங்கள் மனத்தில் எது இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் இரட்டியுங்கள்: தக்கன், அட்டி, கொப்பை. மென்மையாக வேண்டுமானால் மெல்லினத்தை முன்னால் நிறுத்துங்கள்: அங்கண்டா, கும்பவை. ச-வும் இப்படித்தான். அசன், அச்சன், அஞ்சன் மூன்றும் மூன்று ஒலி. சொல்லின் முதலில் மென்மையான ஒலிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், வ-வுக்கோ ம-வுக்கோ மாறிவிடுங்கள்.

ஜ, ஷ, ஸ, ஹ பற்றி ஒரு வார்த்தை. இவற்றை வில்லன் கூட்டத்துக்கும், ழகரத்தை நாயகன் கூட்டத்துக்கும் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது அலுத்துவிட்டது. படிக்கிறவர் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ழ வந்தால் அழகு என்று எல்லாப் பெயரிலும் தூவுவதும் ஆபத்து. உரக்க வாசிக்கும்போது பாதிப் பேர் வாயில் அது ளகரமாகிவிடும், அப்புறம் இழவனும் இளவனும் ஒரே ஆள்.

3. வேற்றுமை ஏற்றிப் பாருங்கள்

இதைச் செய்யாமல் எந்தப் பெயரையும் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். பெயரை ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள்: அவனைக் கண்டாள், அவனுக்குக் கொடுத்தாள், அவனால் முடியாது, அவனுடைய வாள், பிறகு தூரத்தில் நின்று ஒரு கூப்பாடு. அந்த ‘அவன்’ இருக்கும் இடத்தில் உங்கள் பெயர்.

பான் என்று ஒரு வீரன். சுருக்கமான, எடுப்பான பெயர். ‘பானைக் கண்டதும் அரசி எழுந்து நின்றாள்.’ முடிந்தது கதை. அரசி எழுந்தது அடுப்பங்கரையில் என்றுதான் எவருக்கும் தோன்றும். சேல் என்ற பெண் சேலை ஆவாள், சோல் என்ற நகரம் சோலை ஆகும், மால் மாலை ஆவான். நெடிலும் மெய்யுமாக நிற்கும் ஓரசைப் பெயர்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. வேல் என்று நிஜத்தில் பெயர் உள்ளவர்களை ‘வேலைக் கூப்பிடு’ என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வல்லின மெய்யில் முடியும் பெயர்கள் அடுத்த தொல்லை. ஸோரக் என்ற மந்திரவாதி மிரட்டலாகத்தான் இருக்கிறான். ஆனால் ‘ஸோரக்குக்குக் கோபம் வந்தது’ என்று எழுதும்போது மிரட்டல் போய் விக்கல் வந்துவிடுகிறது. அவனைக் கூப்பிடவும் வழியில்லை. மாறோடனை ‘மாறோடா!’ என்று மலைக்கு மலை கேட்கும்படி அழைக்கலாம். ஸோரக்கை என்னவென்று அழைப்பது?

அம் என்று முடிந்தால் அத்து வரும்: எருவம், எருவத்தில், எருவத்துக்கு. ஊருக்கு அருமையாகப் பொருந்தும். வேற்றுநாட்டு மனிதனுக்கு வைத்தால் நம்மூர்ச் சிதம்பரம் சாயல் அடிக்கும். டு, று என்று முடிந்தால் இரட்டிக்கும்: வேகாடு, வேகாட்டில். இதுவும் ஊருக்கு நல்லது.

தொல்லையில்லாத முடிவுகள் இ, ஐ, ஆ, ன், ர். எறுழி, எறுழியை, எறுழிக்கு. எங்கும் முட்டாது. முக்கியமான பாத்திரங்களுக்கு இந்த ஐந்துக்குள் நின்றுகொண்டு, வித்தியாசத்தைச் சொல்லின் முதலிலும் நடுவிலும் காட்டுங்கள்.

இனப்பெயருக்குப் பன்மையும் சேர்த்துச் சோதியுங்கள். வேரல் என்று ஒரு காட்டு இனம் வைத்தால், பலர் சேரும்போது வேரல்களா, வேரற்களா? நீங்களும் தடுமாறுவீர்கள், மெய்ப்புத் திருத்துகிறவரும் தடுமாறுவார். வேரலர் என்று அர் சேர்த்துவிட்டால் சிக்கல் இல்லை. ஆண் வேரலன். பெண்? குறத்தி, எயிற்றி வழியில் போனால் வேரற்றி வரும். வேரை இழந்தவள் என்று காதில் விழும். நாடு பறிபோன இனத்தின் கதை என்றால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வேரலத்தி.

4. அவனா, அவரா, அதுவா?

பேசும் பறவை, சிந்திக்கும் மரம், மலையளவு நாகம். இவை வந்தனவா, வந்தார்களா? எழுதத் தொடங்கும் முன்னே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. நடுவில் மாற்றினால் ஒவ்வொரு வினைமுற்றையும் திருத்த வேண்டும். நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது, மற்றதெல்லாம் அஃறிணை. உங்கள் உலகத்தில் எல்லைக்கோடு எங்கே என்று மரியாதைத்தாளில் முதல் வரியாக எழுதிவையுங்கள்.

இதைச் சுமை என்று பார்க்க வேண்டாம். ஒரு வேடன் நாகத்தைப் பற்றி ‘அது ஆற்றைக் கடந்துவிட்டது’ என்கிறான். பக்கத்தில் நிற்கும் கிழவி ‘கடந்துவிட்டார்’ என்று திருத்துகிறாள். அந்த நாட்டின் சமயம், பயம், பழைய உடன்படிக்கை எல்லாம் இந்த ஒரு வாலில் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இதற்கு ஒரு பத்தி செலவழிக்க வேண்டும்.

பால் தெரியாமல் ஒருவரை மறைத்துவைக்க நினைத்தால் வந்தான், வந்தாள் காட்டிக்கொடுத்துவிடும். அவர், வந்தார் என்று கடைசிவரை ஓட்டலாம். ஆனால் சுற்றியிருக்கிற எல்லோரும் அவனும் அவளுமாக இருக்கும்போது ஒரே ஒரு அவர் மட்டும் உறுத்தும். அந்த நாட்டில் முகமூடி அணிந்த எவரையும் அவர் என்றே சொல்வது வழக்கம் என்று முன்பே நிறுவிவிடுங்கள்.

உறவுமுறையிலும் கவனம் தேவை. மாமா, அத்தை, மருமகன் என்று எழுதிய உடனே முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நமக்கு மருமகன் என்றால் மகளின் கணவனும் உண்டு, ஒருவனுடைய அக்காள் தங்கையின் மகனும் உண்டு. உங்கள் கற்பனை நாட்டில் அந்த மண வழக்கம் இல்லையென்றால் ‘தாயுடன் பிறந்தான்’ போன்ற சொல்லுக்குப் போய்விடுங்கள். இருக்கிறது என்றால் தயங்காமல் மாமா என்றே வையுங்கள்.

5. பெயரை எங்கிருந்து எடுப்பது?

எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு உருவாக்கும் பெயர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பத்தில் ஒன்பது மருந்துப் பெயர் போல இருக்கும். யாரும் தொடாத பெயர்கள் நம் பழைய நூல்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். காந்தளையும் குவளையையும் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். போங்கம், எறுழ், உந்தூழ், மாறோடம், பயினி, தணக்கம், சேடல், கொகுடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. நள்ளிருணாறி என்று ஒரு பூ உண்டு, நடு இரவில் மணப்பது. ஒற்றர் தலைவிக்கு இதைவிடப் பெயர் வேண்டுமா? செருவிளையும் கருவிளையும் சங்குப்பூவின் வெள்ளையும் நீலமும். இரட்டைச் சகோதரிகளுக்கு வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். கண் வேகமாக ஓடும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். பொதுவாகவே முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் முதல் எழுத்து வேறாக இருக்கட்டும்.

இன்னொரு வழி, சொன்ன சொல்லாலேயே ஆளுக்குப் பெயர் வருவது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார் என்று புலவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் அவர்கள் ஆண்ட உவமையே பெயராக ஒட்டிக்கொண்டது. உங்கள் உலகத்துத் துறவிகளும் பாணர்களும் இந்த வழியில் பெயர் பெறட்டும். இயற்பெயர் யாருக்கும் தெரியாது என்பதே ஒரு கதைமுடிச்சு.

தேடும் இடங்கள்: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் அங்கேயே உண்டு. நிகண்டுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம், மூல நூல்களுக்கு மதுரைத் திட்டம். பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை இன்றைய தமிழுக்கான அகராதி ஒன்றிலும் பாருங்கள். பழைய நூலில் பூவாக இருந்தது இன்று வேறு எதுவாகவோ இருக்கலாம்.

பொறி: வாழும் பழங்குடிகளின் பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் எடுத்து அரக்கர்களுக்கு வைக்காதீர்கள். நீங்களாகவே உருவாக்கிய குலப்பெயர் ஏதாவது ஒரு சாதிப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் தேடுங்கள். அன், ஆர், வர் என்று முடியும் பெயர்களில் இது எளிதில் நடக்கும். நடந்தால் கதையை யாரும் கதையாகப் படிக்க மாட்டார்கள்.

6. இல்லாத பொருளுக்குச் சொல்

முதலில் எதற்குச் சொல் வேண்டாம் என்று பாருங்கள். குதிரை குதிரையாகவே இருக்கட்டும். ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று புதுச்சொல்லுக்கு மேல் வந்தால் வாசகர் மூடிவைத்துவிடுவார்.

தமிழில் புதுச்சொல் ஆக்க மிக வசதியான விகுதி இகரம்தான். மண்வெட்டி, ஆட்கொல்லி, ஒட்டுண்ணி, தொட்டாற்சுருங்கி. ஒரு பெயர், ஒரு வினை, ஒரு இ. நிழலுண்ணி என்றால் யாரும் அடிக்குறிப்பு கேட்க மாட்டார்கள். நினைவறுப்பி என்ற கத்தி என்ன செய்யும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. விளக்கம் தேவைப்படும் சொல்லைவிட இந்த வகைச் சொல் எப்போதும் மேல்.

மாயத்துக்கு மந்திரம் என்று எழுதினால் கோயில் வாசனை வரும். ஊரில் புழங்கும் ‘கட்டு’ இருக்கிறதே, வாய்க்கட்டு, எல்லைக்கட்டு என்று? அது சின்னது, பயம் காட்டக்கூடியது. ஆனால் அதை நீட்டும்போது அகராதியைப் பாருங்கள். ஆற்றைத் தடுக்கும் வித்தைக்கு நீர்க்கட்டு என்று வைக்கத் தோன்றும். நீர்க்கட்டு என்றால் சிறுநீர் அடைப்பு.

அளவைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாழிகையை மணிநேரம் போல எழுதுகிறார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம்தான், நாளுக்கு 60. ‘இரண்டு நாழிகையில் இருபது காதம்’ கடந்த குதிரை குதிரையாக இருக்க முடியாது.

7. ஊர்ப்பெயர்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நம்மூர் விகுதிகளே வேலையைச் செய்யும். குறிச்சி மலையடி, பட்டினம் துறைமுகம், பாளையம் படை தங்கிய இடம், மங்கலம் தானமாகக் கொடுத்த நிலம். ஒரு வட்டாரத்தில் பெரும்பாலும் குறிச்சிகளும் நடுவே ஒரே ஒரு பாளையமும் இருந்தால், அங்கே எப்போதோ யாரோ படையோடு வந்து தங்கியிருக்கிறார்கள் என்று வரைபடமே சொல்லும். எல்லா ஊருக்கும் புரம் போடாமல் இருந்தால் சரி.

8. மூன்று பேரிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்

கொங்குப் பக்கம் ஒருவர், நெல்லைப் பக்கம் ஒருவர், முடிந்தால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். பெயர்ப்பட்டியலை மட்டும் கொடுங்கள், விளக்கம் வேண்டாம். ஒரு வட்டாரத்தில் கண்ணியமான சொல் இன்னொன்றில் வசவாக இருக்கும். அதை அகராதி சொல்லாது, ஆள்தான் சொல்வார். யாழ்ப்பாணத்தவரைச் சேர்ப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நாம் டொரன்டோ என்று எழுதுவதை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். உங்கள் கடல் தாண்டிய நாட்டுப் பெயர்களில் வரும் ட, ர, ற மூன்றையும் அவர்கள் எப்படி ஒலிக்கிறார்கள் என்று கேட்டால் திகைத்துப்போவீர்கள்.

இருவர் ஒரே பெயரை இரண்டு விதமாகப் படித்தால் எழுத்தை மாற்றுங்கள். உச்சரிப்புக் குறிப்பை நூலின் பின்னால் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அதை யாரும் புரட்டுவதில்லை.

9. செலவும் பதிவும்

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கானது இது. தனிப் பெயருக்கோ சொல்லுக்கோ காப்புரிமை கிடையாது, முழுப் படைப்புக்குத்தான். எழுதி முடித்தாலே அந்த உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ரூ. 500. விண்ணப்பித்ததும் ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும், சான்றிதழ் வர அதற்கு மேலும் ஆகும்.

தொடர்கதை வரிசைக்கு ஒரு பெயர் வைத்து அதை விளையாட்டு, பொம்மை, படம் என்று கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் வணிகச் சின்னம் பற்றி யோசியுங்கள். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கோ சேவைக்கோ, ரூ. 4,500. அச்சுப் புத்தகம் 16ஆம் வகுப்பு, பொழுதுபோக்கு 41. பதிவானால் 10 ஆண்டு செல்லும். ஒற்றை நாவலுக்கு இது வீண் செலவு. ஆனால் வணிகச் சின்னப் பதிவுத் தளத்தில் உள்ள பொதுத்தேடல் இலவசம். உங்கள் தலைப்புப் பெயரில் ஏற்கெனவே உரமோ உள்ளாடையோ விற்கிறார்களா என்று அதில் பார்த்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் சாத்தியமான எல்லா வகையிலும் ஒருமுறை. நீங்களே பதிப்பிப்பதானால் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் இந்தியாவில் இலவசம்தான். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

10. எப்போது முடிப்பது, எப்படி மாற்றுவது

ஒலித்தாளுக்கும் முதல் பத்துப் பெயர்களுக்கும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் நாவல் எழுதவில்லை, பட்டியல் எழுதுகிறீர்கள். மற்ற பெயர்களுக்கு ##காவலன், ##ஆற்றூர் என்று குறியிட்டுக்கொண்டு கதையை ஓட்டுங்கள். குறி இருந்தால் பிறகு தேட எளிது.

பக்கம் வடிவமைக்கக் கொடுக்கும் முன் எல்லாப் பெயரும் உறுதியாகியிருக்க வேண்டும். அதன் பிறகு மாற்றினால் கூடுதல் கட்டணம் உண்டா என்று பதிப்பாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அச்சுக்குப் போகிறது என்றால் ஃ, ஔ, க்ஷ, ஸ்ரீ உள்ள பெயர்களைத் தனியாகப் பட்டியலிட்டுக் கொடுங்கள். உருமாற்றத்தில் அடிவாங்குவது இவைதான். ஔ பல இடங்களில் ஒ-வும் ள-வுமாகப் பிரிந்து கிடக்கும்.

பெயரை மாற்றியே தீர வேண்டும் என்றால், ஒரே சொடுக்கில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்திவிடாதீர்கள். வேகாடு என்று தேடினால் வேகாட்டில், வேகாட்டுக்கு, வேகாட்டார் எதுவும் அகப்படாது. ‘வேகா’ என்ற அடியைத் தேடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். வேகாட்டை வேரூர் ஆக்கினால் வேகாட்டில் வேரூரில் ஆகும், ‘வேகாட்டுக் கோட்டை’ ‘வேரூர்க் கோட்டை’ ஆகும், ஒற்றெழுத்தும் கூடவே இடம்பெயரும். பதிவேட்டில் எல்லா வடிவங்களையும் எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: அந்த வரிசையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு தேடல் என்று போனால் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகு பழைய பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் போட்டு இன்னொரு முறை தேடுங்கள். எங்காவது ஒன்று ஒளிந்திருக்கும்.